அ, ஆவைத் தள்ளினால்

செவ்வாய்தோறும் ஏழு மணி.
ஹாலிஃபாக்ஸ், அக்ரிகோலா தெருவில் ஒரு சலவைக்கடை,
ஆடும் மேசை, நான், டோபின்.
நூலகத்தில் பேசக் கூடாது. அவன் அறையில் மூன்று பேர்.
என் வீட்டில் இரட்டைப் பையன்கள்.
இங்கே உலர்த்திகள் சுழலும் இரைச்சலில்
கொலையைப் பற்றி உரக்கவே பேசலாம்.

மணிக்கு நாற்பது டாலர்.
அவனுக்கு இருபத்தைந்து வயது, எனக்கு நாற்பத்து மூன்று.
பதினாறு வருடம் துறைமுகப் படகில் கயிறு வீசிய கை
குற்றவியல் தாளில் முப்பத்தெட்டு வாங்கியது.
ஓரத்தில் பேராசிரியர் எழுதியிருந்தார்:
"கதை நன்றாக இருக்கிறது. சட்டம் எங்கே?"

டோபின் அதைப் படித்துச் சிரிக்கவில்லை.
"அ, ஆவைத் தள்ளுகிறார். ஆ விழுகிறார்.
ஆவின் மண்டையோடு பிறவியிலேயே மெலிந்தது.
இறந்துவிடுகிறார். முதலில் எதைப் பார்ப்பீர்கள்?"
"ஆவுக்குப் பிள்ளைகள் உண்டா?"
"இல்லை, க்வென்டா. முதலில் செயல்."

செயல். மனம். இரண்டும் ஒரே நேரத்தில், ஒரே உடம்பில்.
அப்புறம் காரணம். எதிர்வாதமெல்லாம் கடைசியில்.
சட்டம் மனம் என்று சொல்வது
நாம் சொல்லும் மனம் இல்லை என்று பிடிபடவே
மூன்று செவ்வாய்கள் போயின.
வெறுப்பு வேண்டாமாம். கோபம்கூட வேண்டாமாம்.
அறிந்தாயா, அறிந்தும் செய்தாயா, அவ்வளவுதான்.
வீட்டில் கணவரிடம் இதைச் சொன்னேன்.
தட்டைக் கழுவிக்கொண்டே "அறிந்துதான்" என்றார்.
எதை என்று சொல்லவில்லை.

எழுத்துகளுக்குப் பெயர் வைப்பது என் கெட்ட பழக்கம்.
அவை ஃபெர்கஸ் என்பேன், ஆவை டோரீன் என்பேன்,
டோரீனுக்கு ஒரு நாய்கூடக் கொடுத்திருந்தேன்.
டோபின் நாயை அடித்தான், டோரீனை அடித்தான்.
"பெயர் வைத்தால் பரிதாபம் வரும்.
பரிதாபத்துக்கு மதிப்பெண் கிடையாது."

தேர்வுக்கு முந்தைய செவ்வாய்
அவனே கையால் எழுதிய கேள்வி ஒன்றை நீட்டினான்.

அ, பனி அள்ளும் வண்டி ஓட்டுகிறார்.
விடியற்காலை நான்கு மணி, தூங்கி இருபது மணி நேரம்.
வண்டி பின்னால் போகும்போது ஒலிக்க வேண்டிய மணி ஒலிப்பதில்லை.
இரண்டு முறை முதலாளியிடம் சொல்லியிருக்கிறார்.
ஆ, செய்தித்தாள் போடுபவர்.
இடது கையில் மட்டும் பச்சைக் கையுறை.

"பச்சைக் கையுறை எதற்கு?" என்றேன்.
"சட்டத்துக்குத் தேவையில்லையே."
அவன் உலர்த்தியின் வட்டக் கண்ணாடியைப் பார்த்தான்.
யாருடைய போர்வையோ விழுந்து எழுந்து விழுந்தது.
"ஆமாம். நீக்கிவிடலாம்."
நீக்கவில்லை.

நான்கு பக்கம் எழுதினேன். நாய் இல்லை, கதை இல்லை.
முதலாளியிடம் சொன்னது அவுக்குச் சாதகம்.
சொன்ன பிறகும் சாவியைத் திருகியது பாதகம்.
நியாயமான ஓட்டுநர் அந்த நேரத்தில் இறங்கிப் பார்த்திருப்பார்.
சிவப்புப் பேனா எங்கும் நிற்கவில்லை.
கடைசியில் ஒரு சரி போட்டான், சின்னதாக.

பிறகு கேட்டான்:
"அவை என்ன செய்வார்கள்?"

"அது தண்டனைப் பாடம், அடுத்த வருடம்" என்றேன்,
அவன் என்னிடம் எப்போதும் சொல்லும் அதே குரலில்.
சொன்ன பிறகுதான் கேட்டது
கேட்டவன் யார் என்று.

உலர்த்தி நின்றது. போர்வைக்கு யாரும் வரவில்லை.
"அண்ணனா?"
"அப்பா."
"பெயர்?"
"ஆன்செல்ம்."
அவின் பெயர் ஆவில் தொடங்கியது.
மற்றவரின் பெயரை நான் கேட்கவில்லை.
அவன் அதையும் சொன்னான்,
முழுப் பெயராக, நடுப்பெயரோடு.

நாற்பது டாலரை வாங்க மறுத்தான்.
சோப்புத்தூள் இயந்திரத்தின் மேல் வைத்துவிட்டு வந்தேன்.
எடுத்தானா, தெரியாது.

தேர்வுக்கூடத்தில் மூன்றாவது கேள்வி
அ, ஆவை என்றுதான் தொடங்கியது.
யாருக்கும் பெயர் வைக்கவில்லை.
செயல், மனம், காரணம், வரிசையாக.
ஆனால் ஆ என்று எழுதும் ஒவ்வொரு முறையும்
வாய் தானாகக் கொஞ்சம் திறந்துகொண்டது.
கண்காணிப்பாளர் இரண்டு முறை திரும்பிப் பார்த்தார்.